பூப் போடாத படம்

இஞ்சருங்கோ,

நேற்று எங்கட பிள்ளை ஆரணி அந்த நீல பிஸ்கற் ரின்னைத் திறந்தாள். உங்கட உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில், குளிர்காலத் தொப்பிகளுக்குப் பின்னால் கிடந்தது. மூடி இறுகிப்போய், கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது. திறந்ததும் ஒரு மணம் வந்தது பாருங்கோ, காய்ந்த பசையும் பழைய கடதாசியும் சேர்ந்த மணம். இத்தனை வருசம் கழித்தும், அந்த மணத்தோடு வீட்டு மணியும் அடித்தது போல எனக்குக் கிடந்தது. போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். ஒருத்தருமில்லை. ஆரணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நாளைக்கு உங்கட அந்தியேட்டி, நீங்கள் போய் முப்பத்தொரு நாள். ரண்டர்ஸ் நகரத்தில் இருக்கிற எங்கட ஆக்கள் காலமையே வந்துவிடுவினம். பிள்ளை தான் வேலை செய்கிற புரொண்பியிலிருந்து இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். உழுந்து ஊறுகிறது, மரக்கறி வெட்ட வேண்டும், வேலை தலைக்கு மேலே கிடக்குது. நான் குசினி மேசையில் இருந்து உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் "உனக்கு விசரே" என்று கேட்டிருப்பீங்கள். ஓம், விசர்தான், பைத்தியம்தான்.

அந்த வசந்தகாலம் நினைவிருக்குதோ? மறக்கிற ஆளா நீங்கள். ஊரில் சண்டை முடியப் போகுது என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படி முடியப் போகுது என்றுதான் ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. உங்கட தம்பி சண்டைக்கு நடுவில், கடற்கரைப் பக்கம் உள்ளுக்குள் நின்றார். மாசியில் ஒருநாள் யாருடையதோ போனிலிருந்து எடுத்து, இரைச்சலுக்குள்ளே, "அண்ணை, நான் பிறகு எடுக்கிறன்" என்று சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு போன் வாய் திறக்கவில்லை.

நீங்கள் அந்தப் போனுக்குக் காவல் இருந்தீங்கள். சாப்பாட்டுத் தட்டோடு போன் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டீங்கள். கக்கூசுக்குப் போனாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவீங்கள், வெட்கம் கெட்ட மனிசன். நான் ஊரிலிருந்து வந்த சித்தியோடு கதைக்கப் போனை எடுத்தால், "கெதியா வை, அவன் எடுப்பான்" என்று கையால் காட்டுவீங்கள். தொலைக்காட்சியில் அந்தக் கடற்கரைத் துண்டு ஒவ்வொரு கிழமையும் சின்னதாகிக்கொண்டு வந்தது. சனத்துக்கு நடுவில் தம்பியுடையது போலக் கோடு போட்ட சட்டை ஒன்று தெரிந்தால் நீங்கள் எழும்பி நின்று பார்ப்பீங்கள். கோடு போட்ட சட்டையோடு எத்தனை பேர்! நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

பிள்ளைக்கு அப்ப எட்டு வயது. இந்த வீட்டுக்குள் அவளை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சனிக்கிழமைகளில் அந்த ஸ்பானிஷ் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்த சனம் நடத்துகிற கலாசார நிலையம் அது. ஓல்போர்க்கில் நாங்கள் இருக்கிற இந்தக் குடியிருப்புக்கு இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி, பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்தது. சுவரெல்லாம் படம், தூணெல்லாம் நிறம். சனிக்கிழமைகளில் குடும்பங்களுக்கென்று சித்திர வகுப்பு. "தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடக்க, ஸ்பானிஷ்காரரிட்டை என்ன படிக்கப் போறியள்?" என்று கேட்டீங்கள். பிள்ளை சிரிக்கிறதுக்கு ஒரு இடம் வேண்டும் என்றேன்.

அங்கே ஒரு சட்டம். பிள்ளையை இறக்கிவிட்டுப் போக ஏலாது. தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்து தாங்களும் கீற வேண்டும். அந்த நிலையத்தை நடத்திய எலேனா இதில் சரியான கண்டிப்பு. சிலியிலிருந்து இளவயதில் அகதியாக வந்தவள், தலை முழுக்க நரை, கையெல்லாம் நிறப்பூச்சு. ஆஸ்பத்திரிக் குசினியில் நாள் முழுக்க உருளைக்கிழங்கு சீவுகிற என்ர கையில் தூரிகையைத் தந்தாள். நான் கத்தரிக்காய் கீறினேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்களுக்குக் காட்ட, நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சப்பாத்து நல்லா இருக்கு, மற்றக் கால் எங்கை?" என்று கேட்டீங்கள். அந்த வசந்தகாலம் முழுவதிலும் நீங்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். அந்தக் கத்தரிக்காயை நான் இன்னும் எறியவில்லை.

சித்திரையில் எலேனா சொன்னாள், மே மாதத்தில் கண்காட்சி வைக்கப் போகிறோம், ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று. அவர்களின் நாடுகளில் அப்படிச் செய்வினமாம். கைக்கு அடக்கமான மரப்பெட்டி, முன்னுக்கு இரண்டு சின்னக் கதவு, உள்ளுக்கு ஒரு படம் அல்லது பொம்மை. கதவின் உட்பக்கமும் படத்தைச் சுற்றியும் விருப்பம்போல அலங்காரம். உங்கட சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டிய ஒருவர் இப்ப இல்லாவிட்டால், அவருடைய படத்தை வையுங்கோ என்றாள். ஆரணி வீட்டுக்கு வந்து உங்களிட்டை டெனிஷில் கேட்டாள், சித்தப்பாவின் படம் ஒன்று தாருங்கோ என்று. நீங்கள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, எல்லாப் படங்களையும் மேசையில் பரப்பி, கன நேரம் பார்த்தீங்கள். பிறகு ஸ்ரூடியோவில் எடுத்த படத்தைக் கொடுத்தீங்கள். "இதிலைதான் சீப்பாலை தலை இழுத்திருக்கிறான்" என்றீங்கள். அன்றைக்கு உங்கட முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது.

ஆரணி பெட்டியை என்னையும் பார்க்க விடவில்லை. நான் ஒரு பக்கத்தில் எங்கட மேசை, கதிரை என்று கீறி வெட்டிக் கொடுத்தேன், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து ஒட்டினாள். கதவைச் சாத்தி ரிப்பன் கட்டினாள். அப்பாவுக்கு அதிசயமாம். சனிக்கிழமை எல்லாருமாகப் போய்த் திறக்க வேண்டுமாம்.

அந்தச் சனிக்கிழமைதான் அவர்கள் வந்தார்கள்.

காலமை பத்து மணி இருக்கும். வெளியில் நல்ல வெய்யில். பிள்ளை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மேலே தலை இழுத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. நீங்கள் போய்க் கதவைத் திறந்தீங்கள். நான் குசினியில் நின்றேன். திறந்த சத்தம் கேட்டது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. யாரும் "எப்பிடி, சுகமோ" என்று கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ரண்டர்ஸிலிருந்து பெரியண்ணை, உங்கட ஊர் ஆள், எங்கட எல்லாருக்கும் மூத்தவர். அவருக்குப் பின்னால் அடுத்த தெரு ஜெபராணி அக்காவும் அவவின் மனிசனும். பெரியண்ணை உங்கட இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். ஜெபராணி அக்கா வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதா.

எங்கட ஆக்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? செத்த வீட்டுக்குப் போனால் கதைக்கிறதில்லை, கையைப் பிடிக்கிறது. வீட்டுக்காரரும் வாங்கோ என்று சொல்கிறதில்லை. நீங்கள் சொல்லவில்லை. விளங்கிவிட்டது உங்களுக்கு. எனக்கும் விளங்கிவிட்டது. ஜெபராணி அக்காவின் தோளில் இருந்தபடியே நான் போன் மேசையைப் பார்த்தேன். எங்களுக்கு எடுக்காமல் அவர்களுக்கு ஏன் எடுத்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மனிசருடைய மூளை எப்படி வேலை செய்யுது பாருங்கோ.

எல்லாரும் இருந்தோம். நீங்கள் நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தீங்கள். அடுப்பில் வைத்த தேத்தண்ணித் தண்ணீர் கொதித்துக்கொண்டே கிடந்தது. நான் உங்கட முகத்தைப் பார்த்தேன். இதை நான் உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, இப்ப சொல்லுகிறேன். உங்கட முகம் இளகிப்போய் இருந்தது. மாசியிலிருந்து இறுகிக் கிடந்த தாடை விட்டிருந்தது. கண் போன் பக்கம் போகவேயில்லை. நித்திரையால் எழும்பின பிள்ளையின் முகம் போல இருந்தது. தம்பி செத்துப் போனார் என்றதைவிட, அந்தச் செய்தி உங்களுக்கு ஆறுதலாக இருக்குதே என்றதற்குத்தான் நான் பயந்தேன்.

பெரியண்ணைதான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"எப்ப உமக்கு அறிவிச்சவை, தம்பி?"

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீங்கள். "எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை, அண்ணை. நீங்கள் வந்துதான் தெரியும்."

பெரியண்ணை ஜெபராணி அக்காவைப் பார்த்தார். அவ தன் மனிசனைப் பார்த்தா. பிறகு மெல்ல மெல்ல விசயம் வெளியில் வந்தது. வியாழக்கிழமை அவவின் மகனுடைய வகுப்பைக் கண்காட்சி பார்க்கக் கூட்டிப் போனார்களாம். துணைக்கு அவவும் போனாவாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் பெட்டிக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்திருந்தார்களாம். ஒரு பெட்டியில் உங்கட தம்பியின் படம், கீழே பிள்ளையின் எழுத்தில் சித்தப்பா என்று தமிழில். படத்தைச் சுற்றி முழுக்கப் பூ. மஞ்சளும் செம்மஞ்சளுமாக மாலை போல.

"பூப் போட்டிருக்கெண்டால் நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?" என்று ஜெபராணி அக்கா அழுதழுது கேட்டா. அவவில் என்ன பிழை? படத்துக்குப் பூ மாலை போட்டால் அதற்கு எங்களிடம் ஒரே ஒரு கருத்துத்தானே. அவ சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்றாலும் அது அவவுக்குத் தெரியும். அவ மனிசனிட்டைச் சொல்ல, மனிசன் ரண்டர்ஸுக்குச் சொல்ல, பெரியண்ணை முதல் ரயிலில் வெளிக்கிட்டு வந்துவிட்டார்.

நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினீங்கள். தாடை திரும்ப இறுகினதை நான் கண்ணால் கண்டேன்.

"கொஞ்ச நேரம் எனக்குத் தெரிஞ்சிருந்தது," என்றீங்கள். "இப்ப திரும்பவும் ஒண்டும் தெரியாது."

பெரியண்ணை பெரிய மனிசன். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "பிள்ளை, தேத்தண்ணி போடு. சீனி கூடப் போடு," என்று என்னை அதட்டினார். பலகாரம் இருந்தால் கொண்டு வா என்றார். முறுக்கைச் சத்தம் கேட்கக் கடித்தார். மழை, ரயில், தன் முழங்கால் நோ என்று ஊர்ப்பட்ட கதை கதைத்தார். வந்தது செத்த வீட்டுக்கு இல்லை என்று ஆக்கிப் போட வேண்டும் அவருக்கு. வெளிக்கிடும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாறம்" என்றார். படியில் இறங்கித் திரும்பி நின்று இன்னொரு தரம் பலமாகச் சொன்னார். செத்த வீட்டில் சொல்லக்கூடாத சொல் அது. நீங்கள் "ஓம் அண்ணை, போயிட்டு வாங்கோ" என்றீங்கள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப, படியில் ஆரணி நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. நீங்கள் அவளை ஏசப் போறீங்கள் என்று நினைத்தேன். நீங்கள் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "வா, பெட்டியைப் பாப்பம்," என்றீங்கள்.

அதுதான் நீங்கள் முதன்முதல் அந்த ஸ்பானிஷ் வீட்டுக்குள் கால் வைத்த நாள். சனம் நிறைந்து கிடந்தது. யாரோ கிற்றார் வாசித்தார்கள், சோளமா அப்பங்கள் பொரிகிற வாசம். பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தங்கட பெட்டிகளைக் காட்டினார்கள். ஆரணி எங்களை இழுக்கவில்லை, பின்னால் வந்தாள். பெட்டிக்கு முன்னால் நாங்கள் நின்றோம். எவ்வளவு வடிவாகச் செய்திருந்தாள். ஒவ்வொரு இதழாகச் சுருட்டி, பிசகாமல் ஒட்டி. நடுவில் உங்கட தம்பி இழுத்த தலையோடு சிரிக்கிறார். எனக்குப் பார்க்கக்கூடாத ஒன்றை முன்கூட்டியே பார்க்கிறது போல இருந்தது.

நீங்கள் முழங்காலில் இருந்து பிள்ளையைக் கேட்டீங்கள், ஏன் பூ வைத்தனீ என்று. அவள் பயந்து பயந்து டெனிஷில் சொன்னாள். வீட்டில் அப்பப்பாவின் படத்துக்குப் பூ இருக்குத்தானே. அப்பப்பா தூர இருக்கிறார் என்று நீங்கள் சொன்னீங்கள்தானே. சித்தப்பாவும் தூரத்தான் இருக்கிறார். தூர இருக்கிறவைக்குப் பூப் போடுகிறது என்று அவள் நினைத்தாளாம்.

என்ன சொல்கிறது அதற்கு? அவளுடைய அப்பப்பா, உங்கட ஐயா, செத்தது அவள் பிறக்க முதல். ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்லை, தானாகத் தெரியும். இங்கே பிறந்ததற்கு எப்படித் தெரியும்? நாங்கள் செத்தவரைத் தூர இருக்கிறார் என்று சொல்லி வளர்த்தோம். நீங்கள் அவளைக் கட்டிப்பிடித்தீங்கள். அவளுடைய மஞ்சள் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதீங்கள். சனம் எங்களைச் சுற்றி விலகிப் போனது.

எலேனா வந்தாள். நான் எனக்குத் தெரிந்த டெனிஷில் விசயத்தைச் சொன்னேன். அவள் எங்களைத் தன் அலுவலக அறைக்குக் கூட்டிப் போனாள். சுவரில் ஒரு இளைஞனின் கறுப்பு வெள்ளைப் படம், சட்டமும் இல்லை, அலங்காரமும் இல்லை, இரண்டு ஊசியால் குத்தியிருந்தது. அவளுடைய தமையனாம். அவள் பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் சிப்பாய்கள் கூட்டிக்கொண்டு போனவை, பிறகு தகவல் இல்லை. அங்கே பெண்கள் இப்படிப்பட்ட படங்களை நெஞ்சில் குத்திக்கொண்டு தெருவில் நிற்பார்களாம். "எங்கட அம்மா சாகுமட்டும் இதுக்குக் கிட்டப் பூக்கொண்டுபோக விடேல்லை," என்றாள். "நானும் விடேல்லை."

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தீங்கள். எத்தனை வருசம் என்று கேட்டீங்கள். அவள் சொன்னதும் உங்கட கை என்ர கையைத் தேடியது. அத்தனை வருசம் இப்படி இருக்கலாம் என்று உங்களுக்கு அதுவரைக்கும் தோன்றியிருக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அங்கே பிடித்த பயம் பிறகு எங்களை விடவேயில்லை.

எலேனா பசை சுரண்டுகிற மொட்டைக் கத்தி ஒன்று தந்தாள். நீங்களும் பிள்ளையும் மேசையில் இருந்து பூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினீங்கள். ஒரு இதழ் கிழியவில்லை. எறிகிறதுக்குப் பிள்ளை குப்பைவாளியை எடுக்க, நீங்கள் தடுத்தீங்கள். "வடிவான பூவெல்லே. எறியக் கூடாது. சித்தப்பாவுக்கு இப்ப வேண்டாம், அவ்வளவுதான்." எலேனா தன் பொத்தான்களைக் கொட்டிவிட்டு அந்த நீல ரின்னைத் தந்தாள். படம் மட்டும் உள்ள பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் நீங்களே வைத்தீங்கள். பூ இருந்த இடமெல்லாம் பசைத் தழும்பு. ஆரணி ஒரு தூரிகையால் அதன் மேல் நீலம் பூசினாள்.

அடுத்த கிழமை சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். நீங்கள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் போய் இருந்தீங்கள். தப்பி வந்த சனத்தை வைத்திருந்த முகாம்களுக்கு ஆள் விட்டு விசாரித்தோம். கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள், காணவில்லை என்றவர்களும் இருந்தார்கள். ஒருத்தர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வாழ்ந்தோம்தான். பிள்ளை வளர்ந்தாள், கலியாணங்களுக்குப் போனோம், நீங்கள் மீன் பிடிக்கப் பழகி ஒரு மீனும் கொண்டுவரவில்லை. ஆனால் இந்த வீட்டை மாற்ற நீங்கள் விடவில்லை, இந்தப் போன் நம்பரையும் மாற்ற விடவில்லை. தம்பிக்குப் பாடமான நம்பர் இது ஒன்றுதான். ஊரெல்லாம் கையில் போனைத் தூக்கிக்கொண்டு திரிய, எங்கட வீட்டில் மட்டும் வயர்ப் போன். போன் கொம்பனிக்காரன் இணைப்பை மாற்ற வேண்டும் என்று வந்தபோது அவனோடு சண்டைக்குப் போனீங்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், உங்களுக்கு மூச்சே பாரமாக இருந்தபோதும், என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "போனை வெட்டிப் போடாதை" என்றீங்கள். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லுவீங்கள் என்று காதைக் கொண்டு வந்த எனக்குக் கோபம் வந்தது. இப்பவும் கொஞ்சம் இருக்குது. இருந்தாலும் நான் ஓம் என்று சொன்னேன்.

நேற்று உங்கட படம் சட்டம் போட்டு வந்தது. கூடத்தில் தம்பியின் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினோம். கடையில் வாங்கின பூ ஹீற்றர் சூட்டில் வதங்கிப் போயிருந்தது. அப்பதான் ஆரணி போய் ரின்னைத் தேடி எடுத்து வந்தாள். எட்டு வயதுக்குப் பிறகு அவள் ஒரு படத்துக்கும் பூ வைத்ததில்லை. உங்கட செத்த வீட்டில்கூட மாலையைத் தொடவில்லை, நீங்கள் கவனித்திருக்க மாட்டீங்கள். ரின்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். டெனிஷில் இல்லை, தமிழில் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குப் போடலாமோ?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் கதிரையில் ஏறி நின்று ஒவ்வொன்றாக ஒட்டினாள். நிறம் கொஞ்சம் மங்கிப் போய்விட்டது, ஆனாலும் வடிவு. நீங்கள் சுரண்டிக் கழற்றின பூக்கள், உங்கட முகத்தைச் சுற்றி. நீங்கள் செத்துப் போனது எனக்கு அப்பதான் தெரிந்தது என்று சொன்னால் நம்புவீங்களோ.

முடிய, ரின்னின் அடியில் இன்னும் கொஞ்சம் பூ மிச்சம் கிடந்தது. ஆரணி சித்தப்பாவின் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இனி அதைக் கேட்கிறதற்கு இந்த வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. நாளைக்குச் சனம் வந்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படத்தையும் பார்க்கும். அண்ணனுக்குப் போட்டிருக்கு, தம்பிக்கு ஏன் போடவில்லை, இத்தனை வருசம் ஆகிவிட்டதே என்று யாராவது கேட்பினம். கேட்கட்டும்.

நான் ரின்னை வாங்கி மூடினேன். மேல்தட்டில், உங்கட தொப்பிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். இரைச்சல் கேட்குது, வேலை செய்யுது. நீங்கள் பயப்படாதையுங்கோ. அடித்தால் நான் எடுப்பேன்.